ஆற்று நடுவில் ஒரு பெரட்டு

1. நீச்சல் தெரியாத தகுதி

“கண்டாக்கு, உனக்கு நீச்சல் தெரியுமா?”

சின்னதுரை இப்படிக் கேட்டபோது நான் ஏழாம் நம்பர் மலையில் செடிகளைக் கவ்வாத்து வெட்டும் வேலையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். தேயிலைச் செடிக்கும் நீச்சலுக்கும் என்ன சம்பந்தம் என்று யோசிப்பதற்குள் வாய் உண்மையைச் சொல்லிவிட்டது.

“தெரியாது சார்.”

“வெரி குட். அப்போ நீதான் பிளான் பண்ணணும்.”

புதிதாக வேலைக்கு வரும் தம்பிமாருக்காக இதை எழுதுவதால் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். கண்டாக்கு என்றால் பஸ்ஸில் டிக்கெட் கிழிக்கும் ஆள் அல்ல. தோட்டத்தில் துரைமாருக்குக் கீழே, கங்காணிமாருக்கு மேலே, இரண்டு பக்கமும் ஏச்சு வாங்குவதற்கென்றே ஏற்பட்ட உத்தியோகம். எந்த மலையில் எந்த ஆள் என்ன வேலை செய்வது என்று காலையில் பெரட்டுக் களத்தில் ஆட்களைக் கூட்டிப் பிரித்துக் கொடுப்பது எங்கள் பொறுப்பு. ஐம்பதுகளின் நடுவில் நான் இலங்கை மலைநாட்டில், லிந்துலைப் பக்கத்தில் ஒரு தோட்டத்தில் அந்த வேலையில் இருந்தேன். வேலை பிரிப்பதில் என்னை மிஞ்ச ஆள் இல்லை என்ற நினைப்பும் கூடவே இருந்தது.

தோட்டத்தை நடத்தும் பெரியதுரைக்கு உதவியாக வந்த சின்னதுரை ஸ்கொட்லாந்துக்காரர். மீசை சரியாக முளைக்காத வயது. தமிழைத் தோட்டத்திலேயே கேட்டுக் கேட்டுப் படித்தவர் என்பதால் சாமி முதல் நாய் வரை எல்லாரும் அவருக்கு ‘நீ’தான். ஊரில் ஆறுகளில் துடுப்புப் போட்டு விளையாடியவராம். அவருக்குக் கப்பலில் ஒரு பெட்டி வந்தது. திறந்தால் மரச் சட்டங்களும் ரப்பர் பூசிய துணியும். அவற்றைக் கோத்து மாட்டி, “இது போட்” என்றார். பங்களா நாய் மோந்து பார்த்துவிட்டு நம்பாமல் போய்விட்டது. அந்தத் துணிப் படகில் எங்கள் தோட்டத்து ஆற்றில் இறங்கிப் போகவேண்டும் என்பது அவர் ஆசை.

“நீச்சல் தெரிஞ்ச ஆள் தண்ணிக்குப் பயப்படாது. பயப்படாத ஆள் பிளான் ஒழுங்கா பண்ணாது. நீ பயப்படும். நீ நல்லா பண்ணும்.”

பயப்படுவதில் எனக்கு இருந்த திறமையை அதுவரை எந்தத் துரையும் இப்படி மெச்சியதில்லை.

விஷயம் பெரியதுரை காதுக்குப் போனது. பங்களாவுக்குக் கூப்பிட்டார். சுருட்டை வாயிலிருந்து எடுக்காமலே பேசினார். “சின்னதொரையை ஆத்துல கூட்டிட்டுப் போறது உன் பொறுப்பு, கண்டாக்கு. அவன் திரும்பி வராட்டி நீயும் வராதே.”

வீட்டில் சொன்னேன். என் மனைவி செல்லம்மா ரொட்டி தட்டிக்கொண்டிருந்தாள். தட்டுவதை நிறுத்தவில்லை.

“ஏங்க, வாளித் தண்ணி ஊத்துறப்பவே ‘மெதுவா, மெதுவா’ன்னு கத்துறவரு நீங்க. உங்களை நம்பியா ஆத்தைக் குடுத்தாங்க?”

“நான் எங்க இறங்கப் போறேன்? பிளான் போட்டுட்டு கரையில நிப்பேன்.”

“அப்ப சரி. கரை தாங்கும்.”

2. ஆற்றைத் துண்டு போட்டது

எங்கள் ஆறு அகலத்தில் சிறியது, கோபத்தில் பெரியது. மேல் பாலத்தில் தொடங்கிக் கீழே சலவைத் துறை வரை கல்லும் நுரையுமாக இறங்கும். சலவைத் துறைக்கு அப்பால் இரண்டு வளைவு தாண்டினால் அருவி. அங்கே விழுகிற தண்ணீருக்குச் சத்தம் உண்டு. விழுகிற ஆளுக்குச் சத்தம் இருக்காது. அதனால் எது நடந்தாலும் சலவைத் துறையில் ஏறிவிடவேண்டும் என்பது முதல் விதி.

சின்னதுரையும் நானும் கரையோரமாகப் பல நாள் நடந்தோம். அந்த நடையில் நான் கற்றுக்கொண்டவை இன்றைக்கும் உதவும் என்பதால் சொல்கிறேன். வெள்ளைத் தண்ணீர் முக்கோணமாக ஓடும் இடத்தில், கூர்முனை கீழ்நோக்கி இருந்தால் அது வழி. கூர்முனை நம்மைப் பார்த்து மேல்நோக்கி இருந்தால் அடியில் கல் இருக்கிறது. விழுந்துவிட்டால் எழுந்து நிற்கப் பார்க்கக்கூடாது. கால் கல்லிடுக்கில் மாட்டினால் தண்ணீர் முதுகில் ஏறி அமுக்கிவிடும். மல்லாந்து, காலைக் கீழ்ப்பக்கம் நீட்டிக்கொண்டு போகவேண்டும். மோசமான பள்ளம் வந்தால் முன்கூட்டியே கரையேறி, படகைத் தூக்கிக்கொண்டு நடக்கவேண்டும். “வெட்கம் வேண்டாம், கண்டாக்கு. நடக்கிற ஆள் சாகாது” என்பார். வெட்கத்தைப் பற்றி அவர் கவலைப்படவே வேண்டியதில்லை. முழு ஆற்றையும் நடந்தே கடக்க நான் தயாராக இருந்தேன்.

பாலத்தடியில் ஒரு மூங்கிலை நட்டு அதில் சிவப்புக் கோடு போட்டோம். தண்ணீர் கோட்டைத் தாண்டினால் பயணம் இல்லை. சித்திரை மாதம் என்பதால் பகலுக்கு மேல் மழை இடித்துக்கொண்டு வரும். ஆகவே காலையில் இறங்கி, மேகம் கறுக்கும் முன் ஏறிவிடவேண்டும்.

இதுவரை எல்லாம் சின்னதுரையின் அறிவு. இனி என்னுடையது.

மலையை நம்பர் போட்டுப் பிரிப்பதுபோல ஆற்றையும் ஐந்து துண்டாகப் பிரித்தேன். ஒவ்வொரு துண்டுக்கும் ஒரு கங்காணி, ஒரு கயிறு, கயிறு இழுக்க ஆட்கள். எந்தத் துண்டில் படகு கவிழ்ந்தாலும் அந்தத் துண்டுக் கங்காணி கயிறு வீசுவார். எல்லை தெரிவதற்காக ஆற்றுக் கற்களில் சுண்ணாம்பால் நம்பர் எழுதினேன். நாலாம் துண்டு முடிந்து ஐந்தாம் துண்டு தொடங்கும் இடத்தில் ஆற்றின் நடுவே யானை முதுகுபோல ஒரு கல் இருந்தது. அதன் மேல்பக்கத்தில் ‘4’ என்றும் கீழ்ப்பக்கத்தில் ‘5’ என்றும் எழுதி, கொஞ்ச நேரம் நின்று ரசித்தேன். ஆறு என்ற ஒன்று உண்டான நாளிலிருந்து அதை இவ்வளவு ஒழுங்காக வைத்தவன் நானாகத்தான் இருப்பேன்.

ஐந்து கங்காணிகளில் இரண்டு பேரை மட்டும் நீங்கள் தெரிந்துகொண்டால் போதும். நாலாம் துண்டுக்கு, இடது கரையில் கருப்பண்ணன் கங்காணி. பெரிய மீசை, குறைந்த பேச்சு. சொன்னதைச் சொன்னபடியே செய்வார், சில சமயம் நாம் வருத்தப்படும் அளவுக்கு. ஐந்தாம் துண்டுக்கு, வலது கரையில் சின்னையா கங்காணி. ஒல்லி, வாய் ஓயாது. இருவர் பார்க்கும் மலைகளும் பக்கத்துப் பக்கத்து மலைகள். “என் நிரையில அவர் ஆளு கொழுந்து எடுத்துட்டான்” என்று மாதம் ஒரு வழக்காவது என்னிடம் வரும்.

ஒத்திகைக்கு ஒரு வெறும் மண்ணெண்ணெய் டின்னைச் சின்னதுரையாகப் பாவித்து ஆற்றில் விட்டோம். டின் நாலாம் துண்டிலேயே கல்லில் மோதிச் சுற்றியது. கருப்பண்ணன் கயிற்றைச் சுருட்டிக்கொண்டிருக்கும்போதே எதிர்க்கரையிலிருந்து சின்னையா கயிறு வீசி டின்னைக் கொழுவி இழுத்துவிட்டார். ஆட்கள் கைதட்டினார்கள். நான் கொதித்தேன்.

“சின்னையா கங்காணி! அது யாரு துண்டு?”

“நாலுங்க.”

“உங்க துண்டு எது?”

“அஞ்சுங்க. டின்னு சாகப் போச்சுன்னு...”

“டின்னு செத்தா கருப்பண்ணன் பதில் சொல்லுவாரு!”

மறுநாள் பெரட்டில், எல்லார் முன்னாலும், கையைப் பின்னால் கட்டிக்கொண்டு உத்தரவு போட்டேன். “அவனவன் துண்டை அவனவன் பார்க்கணும். அடுத்தவன் துண்டுல யாரு கயிறாவது விழுந்துச்சு, அன்னைக்குப் பேர் வெட்டிருவேன்!” பேர் வெட்டினால் அன்றைய நாள் கணக்கில் சேராது, கூலியும் இல்லை. இரு கங்காணிகளும் தலையை ஆட்டினார்கள். அந்தத் தலையாட்டலில் கொஞ்சம் அதிகப் பணிவு இருந்தது. அதை நான் என் ஆளுமைக்குக் கிடைத்த மரியாதை என்று எடுத்துக்கொண்டேன்.

3. மாட்டுக்கா, மனிசனுக்கா

கயிறு வாங்கத் தலவாக்கலை பஜாருக்குப் போனேன். காதர் நானா கடையில் ஊசியிலிருந்து ஏணி வரை கிடைக்கும்.

“கயிறு என்னத்துக்கு, கண்டாக்கையா? மாட்டுக்கா, மனிசனுக்கா?”

“மனுசனுக்குத்தான், நானா.”

அவர் கணக்கு எழுதுவதை நிறுத்திவிட்டு என் முகத்தைப் பார்த்தார். “வூட்டுல சண்டையா?”

ஆற்று விஷயத்தை விளக்கினேன். சணல் கயிற்றை எடுத்து வைத்திருந்தவர் அதை உள்ளே போட்டுவிட்டுத் தேங்காய்த் தும்புக் கயிற்றை இழுத்து வந்தார். சணல் தண்ணீரைக் குடித்துவிட்டு அடியில் போய்விடும், தும்புக் கயிறு மிதக்கும் என்றார். நுனியில் கட்டக் குரும்பட்டி என்கிற தேங்காய்ப் பிஞ்சுகளும் தந்தார். கனமாகவும் இருக்கும், தலையில் பட்டாலும் ஆள் பிழைத்துக்கொள்வான்.

“நீங்களும் போட்டுல போறீங்களா?”

“சேச்சே! நான் பிளான் போடுற ஆளு.”

“அல்ஹம்துலில்லாஹ்” என்றார் காதர் நானா. படகுக்காகச் சொன்னாரா, எனக்காகச் சொன்னாரா என்று கேட்கவில்லை.

4. முன் சீட்

வருஷப் பிறப்பு கழிந்து வந்த ஞாயிற்றுக்கிழமை. மூங்கிலில் தண்ணீர் சிவப்புக் கோட்டுக்கு நன்றாகக் கீழே. வானம் கழுவி வைத்த தட்டுமாதிரி இருந்தது. தோட்டமே இரு கரையிலும் திரண்டுவிட்டது; பிள்ளைகளுக்குத் தின்பண்டம்கூடக் கட்டிக்கொண்டு வந்திருந்தார்கள். யாராவது விழுவார்கள் என்ற நம்பிக்கை அவர்கள் முகத்தில் தெரிந்தது.

புறப்படும் நேரத்தில் கங்காணிமார் ஒரே குரலில், ஆற்று முனிக்குத் தேங்காய் உடைக்காமல் போகக்கூடாது என்றார்கள். சரி, உடைத்தோம். பிறகு விபூதி முதலில் யாருக்கு என்ற கேள்வி வந்தது. கருப்பண்ணன் மூத்தவர், சின்னையாவோ தேங்காய் வாங்கி வந்தவர். இரண்டு கட்சியும் ஆளுக்கொரு பக்கம் நின்றுகொண்டது. “முனிக்கு அவசரமில்லை, மழைக்கு அவசரம்” என்று நான் கத்தியது யார் காதிலும் ஏறவில்லை. கடைசியில் சின்னதுரை பொறுமையிழந்து தட்டிலிருந்து விபூதியைத் தானே எடுத்துத் தன் நெற்றியில் பூசிக்கொண்டார். முதல் மரியாதை வெள்ளைக்காரருக்குப் போனதில் இரு கட்சிக்கும் திருப்தி. ஆனால் அதற்குள் வெயில் உச்சியை நெருங்கிவிட்டது.

அடுத்த இடி தொலைபேசியில் வந்தது. படகு இரண்டு ஆள் படகு. முன் சீட்டில் உட்கார உடப்புசல்லாவையிலிருந்து சின்னதுரையின் கூட்டாளித் துரை ஒருவர் வருவதாக இருந்தது. அவருக்கு வயிற்றோட்டம் என்று பங்களாவுக்குத் தகவல். எனக்கு அந்த வயிற்றின்மேல் சந்தேகம் உண்டு.

சின்னதுரை படகைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். நான் ஒரு அடி பின்னால் வைத்தேன்.

“முன்னால வெயிட் இல்லைன்னா போட் மூக்கு தூக்கும்.”

“மண் மூட்டை வைக்கலாம், சார்.”

“மண் மூட்டை துடுப்பு போடாது.”

“நானும் போடாது, சார்.”

“ஆத்துல எங்க எந்தக் கல்லு, யாருக்கு நல்லாத் தெரியும்?”

கரையில் இருந்த அத்தனை விரலும் என்னை நோக்கி நீண்டது. என் விரலும் எங்கேயாவது நீளலாமா என்று பார்த்தது, ஆள் கிடைக்கவில்லை. பெரியதுரை பாலத்தின்மேல் சுருட்டோடு நின்றார். அவர் சொன்னது நினைவுக்கு வந்தது. கரையில் நின்றால் வேலை போகும், படகில் ஏறினால் உயிர் போகும். வேலை போனால் செல்லம்மா ஏசுவாள். உயிர் போனால் ஏசினாலும் எனக்குக் கேட்காது. ஏறினேன்.

தக்கை வைத்த சட்டை ஒன்றுதான் இருந்தது; அது துரைக்கு. அவசரத்துக்கென்று தேயிலை ஸ்டோர் மெக்கானிக்கைக் கொண்டு மூடி பற்றவைத்து வைத்திருந்த இரண்டு வெறும் பெயின்ட் டின்களை என் நெஞ்சிலும் முதுகிலும் கட்டினார்கள். தலையில் துரையின் பழைய தொப்பி. உள்ளே துணி திணித்து இறுக்கியது. மேட்டில் நின்ற ராக்கம்மா, கொழுந்து எடுப்பதிலும் வாய் கொடுப்பதிலும் முதல் ஆளான பெண், கூப்பிட்டுச் சொன்னாள்:

“ஐயா, ரெண்டு டின்னு கட்டியிருக்கீங்களே, எண்ணெய் வாங்கிட்டு வர எவ்வளவு நேரமாகும்?”

அந்தச் சிரிப்பு ஆற்றைவிடப் பெரிதாகக் கேட்டது. செல்லம்மா சிரிக்கவில்லை. முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு நின்றாள். பிறகு கேட்டதற்கு, அப்போதுதான் சிரிப்பை அடக்கினேன் என்றாள்.

5. கல்

முதல் துண்டில் நான் கண்ணை மூடிக்கொண்டிருந்தேன். வழிகாட்டியின் வேலைக்கு அது உகந்ததல்ல என்று பின்னாலிருந்து துடுப்பு நுனியால் முதுகு டின்னில் ஒரு தட்டு விழுந்தது. கண்ணைத் திறந்தேன். கல் ஒன்று எங்களை நோக்கி ஓடி வந்துகொண்டிருந்தது.

“கண்டாக்கு! எந்தப் பக்கம்?”

“முருகா!”

“முருகா லெப்ட்டா, ரைட்டா?”

“லெப்ட்! லெப்ட்!”

படகு வழுக்கிக்கொண்டு இடப்பக்கம் போனது. உயிரோடு இருந்தோம். இரண்டாம் துண்டில் மோசமான பள்ளம். பிளானின்படி கரையேறித் தூக்கிக்கொண்டு நடந்தோம். அந்த நடையில் நான் காட்டிய சுறுசுறுப்பைப் பார்த்த துரை, “படகை அங்கே வை, கண்டாக்கு. நீ ரொம்ப தூரம் தூக்கிட்டுப் போகுது” என்று திருப்பி அழைத்துவர வேண்டியதாயிற்று. மூன்றாம் துண்டில் எனக்குத் தைரியம்கூட வந்தது. துடுப்பால் தண்ணீரை இரண்டு முறை அடித்தேன்.

நாலாம் துண்டில் நுழைந்தபோது தண்ணீரின் நிறம் மாறியது. கண்ணாடியாக இருந்தது தேநீர் ஆனது, தேநீர் பால்தேநீர் ஆனது. மேலே அக்கரப்பத்தனை மலைகள் கண்ணுக்குத் தெரியவில்லை, கறுப்பு மூடியிருந்தது. அங்கே மழை எப்போதோ தொடங்கிவிட்டது. விபூதிக்கு நின்ற நேரத்துக்கு ஆறு இப்போது பதில் சொல்ல வருகிறது.

“சீக்கிரம் துறைக்குப் போகணும்!” என்றார் சின்னதுரை. அவர் குரலில் முதல்முறையாக விளையாட்டு இல்லை.

யானைக் கல் முன்னால் வந்தது. என் சுண்ணாம்பு ‘4’ பளிச்சென்று தெரிந்தது. என் கையெழுத்தை நானே பார்த்துப் பெருமைப்பட்ட அந்த நொடியில், எந்தப் பக்கம் என்று சொல்ல மறந்துபோனேன். படகு பக்கவாட்டில் கல்லில் போய் அறைந்தது. துணி கிழிந்தது, சட்டம் முறிந்தது. சின்னதுரை என் முதுகு டின்னைப் பிடித்துக் கல்லின்மேல் இழுத்துப் போட்டுவிட்டுத் தானும் ஏறினார். படகு உடைந்த குடைபோல மடிந்து கீழே போய், சலவைத் துறையைத் தாண்டி, வளைவில் மறைந்தது. கொஞ்ச நேரத்தில் அருவிப் பக்கமாகக் காகங்கள் எழும்பின.

நாங்கள் கல்லின்மேல். ஆறு இருபுறமும். தண்ணீர் ஏறிக்கொண்டிருந்தது, ‘4’இன் கால் ஏற்கெனவே முழுகிவிட்டது. இடது கரையில் கருப்பண்ணன், கையில் கயிறு. வலது கரையில் சின்னையா, கையில் கயிறு. பிளானின் அழகே அழகு என்று நினைத்தேன்.

“கருப்பண்ணன்! கயிறு போடுங்க!”

கருப்பண்ணன் மீசையைத் தடவினார். “ஐயா, படகு கல்லுக்கு வந்துருச்சுங்களே. நாலு முடிஞ்சுபோச்சுங்க. இது அஞ்சுங்க.”

“சின்னையா! நீங்க போடுங்க!”

“கல்லைத் தாண்டலைங்களே ஐயா! அஞ்சு கல்லுக்குக் கீழதானே தொடங்குது? தாண்டி வாங்க, கண்டிப்பாப் போடுறேன்!”

“தாண்டினா கயிறு எதுக்கு? கருமாதிக்கா?”

“அடுத்தவன் துண்டுல கயிறு விழுந்தா பேர் வெட்டுறதாப் பெரட்டுல சொன்னீங்க” என்றார் கருப்பண்ணன், வருத்தத்தோடு.

“டின்னுக்கே அம்புட்டு ஏசினீங்க” என்றார் சின்னையா, இன்னும் அதிக வருத்தத்தோடு.

“கண்டாக்கு, என்ன பிரச்சினை?” என்றார் சின்னதுரை.

“எல்லைப் பிரச்சினை, சார்.”

அவர் என்னைப் பார்த்த பார்வையை நான் மொழிபெயர்க்கமாட்டேன்.

“எல்லாத்தையும் மறந்துட்டுக் கயிறு போடுங்க! இது உத்தரவு!” என்று கத்தினேன். குரல் எனக்கே ஆட்டுக்குட்டி கத்துவதுபோலக் கேட்டது.

“பெரட்டுல போட்ட உத்தரவுங்களா, இப்பப் போடுற உத்தரவுங்களா? எதைங்க கேக்கிறது?” என்றார் கருப்பண்ணன். “பெரட்டு உத்தரவைப் பெரட்டுலதானேங்க மாத்துவீங்க? நீங்க சொல்லிக் குடுத்த முறைதானுங்களே.”

நான்தான் சொல்லிக்கொடுத்திருந்தேன். மலையில் நின்று ஆளுக்கொரு வேலையை மாற்றிக்கொண்டு என் கணக்கைக் குழப்புகிறார்கள் என்று ஒரு காலத்தில் நானே போட்ட சட்டம். ‘4’இன் கழுத்துவரை தண்ணீர் வந்துவிட்டது. கல்லில் என் கால் வழுக்கியது. கரையில் செல்லம்மா முந்தானையை வாயிலிருந்து எடுத்துவிட்டாள். இப்போது அவள் முகத்தில் சிரிப்பில்லை.

என்ன செய்தேன் என்றால், நிமிர்ந்து நின்றேன். நெஞ்சு டின்னை நேராக்கிக்கொண்டேன். கையைப் பின்னால் கட்டினேன். முதுகு டின் இருந்ததால் சரியாகக் கட்ட வரவில்லை. தொண்டை கிழியக் கத்தினேன்:

“பெரட்டு!”

அந்தச் சொல்லுக்கு இருக்கும் சக்தியைப் பாருங்கள். இரு கரையிலும் சலசலப்பு நின்றது. கருப்பண்ணனும் சின்னையாவும் பழக்கத்தில் தலைத்துண்டை அவிழ்த்துத் தோளில் போட்டுக்கொண்டு நேராக நின்றார்கள்.

“கண்டாக்கு, இப்ப என்ன பண்ணுது?”

“பெரட்டு, சார்.”

“இங்கேயா?”

“இங்க வச்சாத்தான் சார் கேப்பாங்க. கருப்பண்ணன் கங்காணி!”

“வந்திருக்கேங்க!”

“ஆளு?” பழக்கதோஷம், கேட்டுவிட்டேன்.

“ஆறு பேருங்க. ஒருத்தன் வெத்தலை வாங்கப் போயிருக்கான்.”

“சின்னையா கங்காணி!”

“வந்தாச்சுங்க, வந்தாச்சுங்க!”

“கேட்டுக்குங்க! இன்னையிலேர்ந்து இந்தக் கல்லு ரெண்டு பேருக்கும் சொந்தம்! யாரு துண்டுல யாரு கயிறு போட்டாலும் பேர் வெட்ட மாட்டேன்! போடாட்டித்தான் வெட்டுவேன்! பெரட்டு முடிஞ்சுது!”

இரண்டு கயிறும் ஒரே நொடியில் வந்தன. ஒரு குரும்பட்டி தொப்பியில் விழுந்தது, ஒன்று நெஞ்சு டின்னில் மணி அடித்தது. பயத்தில் நான் இரண்டையும் பிடித்துக்கொண்டேன். அது தப்பு. ஐயாவைக் காப்பாற்றியது எந்தக் கரை என்ற போட்டி உடனே தொடங்கிவிட்டது. கருப்பண்ணன் ஆட்கள் இடது பக்கம் இழுக்க, சின்னையா ஆட்கள் வலது பக்கம் இழுக்க, நான் நடுவில் பிழிவதற்குப் பிடித்த வேட்டியானேன்.

“இழுக்காதே! எல்லாம் நில்லு!” சின்னதுரை போட்ட சத்தத்தில் ஆறே ஒரு கணம் நின்றதுபோல இருந்தது. அவர் இரண்டு கயிற்றையும் என் கைக்கீழாகச் சுற்றி இறுக்கிக் கட்டினார். “சின்னையா இழுக்கணும். கருப்பண்ணன் இழுக்காது, கொஞ்சம் கொஞ்சமா விடணும். ரெண்டு பேரும் ஒண்ணா. விளங்குதா?”

“விளங்குதுங்க!” என்று இரண்டு கரையும் சேர்ந்து சொன்னது. அந்த இருவர் வாயிலிருந்து ஒரே வார்த்தை ஒன்றாக வந்ததை அன்றுதான் முதலில் கேட்டேன்.

துரை என்னைத் தள்ளினார். மல்லாந்து, காலை நீட்டி என்ற பாடமெல்லாம் மூக்கில் தண்ணீர் ஏறியவுடன் மறந்துபோனது. கருப்பண்ணன் கயிறு விட்டார், சின்னையா இழுத்தார். நான் அருவிப் பக்கம் போக முயன்றபோதெல்லாம் கருப்பண்ணன் கயிறு ஒரு இழுப்பில் திருப்பியது. ஆற்றில் பாதியைக் குடித்து, மிச்சத்தில் மிதந்து வலது கரையில் ஏறினேன். உடனே திரும்பிப் பார்த்தேன்; துரை இன்னும் கல்லில் இருந்தார். என் உயிர் வந்துவிட்டது, என் வேலை இன்னும் ஆற்றில் நின்றது. இரண்டு கங்காணிகளும் கயிற்றை மறுபடி கல்லுக்கு வீசினார்கள். அவர் வந்து சேர்ந்து கரையில் கைவைத்தபோது கல்லில் எழுத்து எதுவும் தெரியவில்லை. கல்லே தெரியவில்லை.

கொஞ்சம் மூச்சு வந்ததும் சின்னையாவிடம் கேட்டேன். “நெசமாவே கயிறு போடாம இருந்திருப்பீங்களா?”

“அது எப்படிங்க? கொஞ்ச நேரத்துல எப்படியும் போட்டிருப்போம்.”

“எவ்வளவு நேரத்துல?”

“அது ஐயா கத்துற சத்தத்தைப் பொறுத்துங்க.”

செல்லம்மா வந்தாள். டின்களை அவிழ்த்தாள். ஒரு டின் முழுக்கத் தண்ணீர். பற்றவைத்தது எப்போதோ விட்டுப்போயிருந்தது. அதைக் கவிழ்த்துக் கொட்டினாள்.  காலி டின்னைத் தூக்கிக்கொண்டு எனக்கு முன்னால் வீட்டுக்கு நடந்தாள்.

6. இரண்டாவது தடவை

ஒரு பிளானில் ஆள் குறைவாக இருந்தால் தெரிந்துவிடும். கயிறு குறைவாக இருந்தால் தெரிந்துவிடும். இரண்டு பேர் வேலை சந்திக்கும் இடத்தில் இருக்கும் ஓட்டை மட்டும் கண்ணில் படாது. ஏனென்றால் அங்கேதான் நாம் சுண்ணாம்பு அடித்து அழகு பார்த்திருப்போம். அந்தக் கல்லை நான் கரையில் நின்று பிரித்தேன். கரையிலிருந்து பார்த்தால் எல்லைக்கோடு மிக நேராகத் தெரியும்.

சின்னதுரை அதோடு விடவில்லை. மறுவருஷம் கப்பலில் இன்னொரு பெட்டி வந்தது. “கண்டாக்கு, பிளான் பண்ணு” என்றார். பெரட்டில் விஷயத்தைச் சொன்னேன். கருப்பண்ணனும் சின்னையாவும் கூடிப் பேசிக்கொண்டு முன்னால் வந்தார்கள். அந்த ஒரு வருஷத்தில் அவர்கள் கூடிப் பேசக் கற்றுக்கொண்டிருந்தார்கள். எனக்கு அது அவ்வளவு நல்லதல்ல.

“நாங்க கயிறு பிடிக்கிறோமுங்க” என்றார் கருப்பண்ணன். “ஆனா ஐயா முன் சீட்டுல உக்காரணும்.”

“எதுக்கு? உடப்புசல்லாவைத் தொரை வாராரு.”

“ஐயா கரையில நின்னு போடுற பிளானை நாங்க பார்த்துட்டோமுங்க” என்றார் சின்னையா. “போட்டுல உக்காந்து ஒண்ணு போட்டுக் காட்டுங்க.”

சிரிப்பு பெரட்டுக் களம் முழுக்கப் பரவியது. சின்னதுரைக்கு அந்த யோசனை மிகவும் பிடித்துப்போயிற்று. உடப்புசல்லாவைக்காரருக்கு அன்றே தொலைபேசி போனது.

முன் சீட்டில் உட்காரப்போவது யார் என்று தெரிந்துகொண்டு நான் போட்ட பிளான் அது. ஒவ்வொரு கல்லுக்கும் இரண்டு கரையிலும் கங்காணி. ஒவ்வொரு துண்டும் அடுத்த துண்டுக்குள் பத்தடி ஏறி நின்றது. சலவைத் துறையில் ஆற்றுக்குக் குறுக்கே கயிறு. பூசை முந்தின நாளே முடிந்தது. அக்கரப்பத்தனையில் மேகம் பார்க்க ஒரு ஆள், அந்த ஆள் தூங்காமல் பார்க்க இன்னொரு ஆள். எனக்குத் தக்கைச் சட்டை இரண்டு.

அந்தப் பயணத்தைப் பற்றி எழுத ஒன்றுமில்லை. இறங்கினோம், போனோம், ஏறினோம். கரையில் தின்பண்டத்தோடு காத்திருந்த சனம் ஏமாந்து, என்னைத் திட்டிக்கொண்டே வீட்டுக்குப் போனது. என் உத்தியோகத்தில் நான் ஒழுங்காகச் செய்த வேலை அதுதான்.